ப்ளூஸை மேடையில் கேட்டுவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இசைப் பக்கத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையை வாசிக்கும் குழுக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாட்டெல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, பழைய குழுக்கள் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கின்றன என்று கட்டுரையாளர் குறைபட்டிருந்தார். ஒலிப்பதிவுகளை மட்டும் கேட்டு எழுதியது போலத் தெரிகிறது. ஷில்லாங்கின் சோல்மேட் குழுவை ஒருமுறை நேரில் கேட்டிருந்தால் அப்படி எழுத அவருக்கு மனம் வந்திருக்காது.

ப்ளூஸின் சட்டகம் சிறியதுதான். பெரும்பாலும் 12 பார், அதாவது 12 தாளச் சுற்று; 3 கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் 3 சுரக்கூட்டு. முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது அடியில் அதற்குப் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு அடி முடிந்ததும் கிட்டார் பேச இடம் விடுவார்கள். மிசிசிப்பியின் பருத்திக் காடுகளை விட்டு சிகாகோவுக்குப் பிழைக்கப் போனவர்களோடு இந்த இசையும் போனது. அங்கே எலெக்ட்ரிக் கிட்டார் சேர்ந்த பிறகும் சட்டகம் பெரிதாக மாறவில்லை. அதற்குள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஒவ்வொரு இரவும் மாறுகிறது. நிரவல் பாடுகிற வித்வானைப் பார்த்து ‘அதே வரிதானே’ என்று நம் ரசிகர்கள் எழுந்து போவதில்லையே!

ரூடி வாலாங்கும் டிப்ரிட்டி கார்பங்கரும் 2003இல் தொடங்கிய குழு சோல்மேட். ரூடியின் அப்பா டோட்டோ வாலாங்கும் பெயர் பெற்ற இசைக்கலைஞர். 2007இல் மெம்பிஸ் நகரில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனார்கள். 2011இல் மும்பை மெஹபூப் ஸ்டுடியோவில் முதல் மஹிந்திரா ப்ளூஸ் விழா நடந்தபோது, புகழ்பெற்ற அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) வந்து வாசித்த அதே விழாவில் இவர்களும் வாசித்தார்கள். பேஸ் கிட்டாரிலும் டிரம்ஸிலும் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால் இந்த இருவரும் சேர்ந்தே பாடி, வாசித்து வந்திருக்கிறார்கள்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெங்களூரில் இவர்களைக் கேட்டபோது புரிந்தது. மெதுவான பாட்டு ஒன்றின் நடுவில் ரூடி சுண்டுவிரலால் கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்துக்கொண்டே போனார். டிரம்ஸ்காரரும் கூடவே இறங்கினார். கிட்டாரை மீட்டும் பிக் கம்பியில் உரசுவது கேட்கும் அளவுக்குச் சத்தம் தணிந்த பிறகு, டிப்ரிட்டி ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக் கீழேயிருந்து மேலே இழுத்துக்கொண்டு போனார். குரல் கரகரத்தது, அவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை. அது உச்சிக்குப் போன இடத்தில், யாரும் எண்ணிக்கை கொடுக்காமலேயே, குழு மொத்தமும் தாளத்தின் முதல் தட்டில் வந்து விழுந்தது. ஒத்திகை பார்த்தால் மட்டும் இது வந்துவிடாது. ஒருவர் மூச்சு எங்கே முடியும் என்று மற்றவருக்குத் தெரிய ஆண்டுக்கணக்கில் ஒரே மேடையில் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஷில்லாங் மலைப்பகுதியின் காசி (Khasi) பழங்குடி மக்களின் பழங்கதை ஒன்றில், ஒரு மான்குட்டி சமவெளியிலிருந்து மலையேறி வந்து வேடர்களின் அம்புக்குப் பலியாகிறது. அதைத் தேடி வந்த தாய் மான் அழுத அழுகையைக் கேட்டுத்தான் மனிதர்கள் இறந்தவர்களுக்காகப் புலம்பக் கற்றுக்கொண்டார்களாம். அந்தக் கதைப் பாடலையும் சோல்மேட் பாடியிருக்கிறது. அமெரிக்காவைப் பார்த்து நகல் எடுக்கிறவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிட முடியாததற்கு இது ஒன்றே போதும் என்பேன். துக்கத்தைப் பாட அவர்கள் மண்ணிலேயே ஒரு வழி இருந்தது. ப்ளூஸ் அதோடு வந்து சேர்ந்துகொண்டது.

உங்கள் பத்திரிகை சினிமாப் பாட்டுக்கு வாரம் இரண்டு பக்கம் ஒதுக்குகிறது. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. அடுத்த தடவை இந்தக் குழு தென்னிந்தியப் பக்கம் வரும்போது, அதே கட்டுரையாளரையே அனுப்பிவையுங்கள். கடைசிப் பாட்டு முடியும் வரை இருந்து கேட்கட்டும். அதன் பிறகும் எல்லாம் ஒன்றுபோல் இருந்தது என்று அவர் எழுதினால், மறுபேச்சில்லாமல் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
ஓசூர்