சாயிஜாவோட எருமை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த நெதர்லாந்து பயணக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். துலிப் தோட்டம், காத்தாலை, சைக்கிள், சீஸ் எல்லாம் அழகா சொல்லியிருந்தாங்க, ஆனா இந்த ஊர் ஜனங்க என்ன படிக்கறாங்க என்ன எழுதறாங்கன்னு ஒரு வரி கூட இல்லாதது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதறேன். வீட்டுக்காரர் வேலைக்காக நாங்க இங்க ஐந்தோவன் நகரத்துக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. முதல் ஒன்றரை வருஷம் எனக்கும் எதுவும் தெரியாது, ஏன்னா இங்கத்த பாஷையான டச்சுல வாயத் திறந்தாலே எதிர்ல இருக்கவங்க உதவி பண்றதா நினைச்சு இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க, அப்புறம் எங்க கத்துக்கறது.

பையனுக்கு லைப்ரரி கார்டு எடுக்கப் போனப்ப (18 வயசு வரைக்கும் இங்க இலவசம்) அங்க இருந்த அம்மா 'யிப்பும் யன்னகவும்' புத்தகத்த எடுத்துக் குடுத்தாங்க. ஆனி எம்.ஜி. ஸ்மித் 1952-ல ஒரு செய்தித்தாள்ல எழுத ஆரம்பிச்ச குட்டிக் குட்டிக் கதைங்க, பக்கத்து பக்கத்து வீட்டுப் பையனும் பொண்ணும், ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு பக்கம்தான். புரியுற மாதிரி எளிமையா பேசறதுக்கே இங்க 'யிப்-யன்னக பாஷை'ன்னு பேர் வெச்சிருக்காங்க. பையனுக்குப் படிச்சுக் காட்டி காட்டி நான்தான் டச்சு கத்துக்கிட்டேன்.

லைப்ரரியிலயே வாரம் ஒருநாள் மொழி பழகற கூட்டம் நடக்கும், அங்க யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க பழக்கமானாங்க. ஆபீஸ அவங்க 'கந்தோர்'னு சொல்லுவாங்க, டச்சுல அது கன்டோர், ஒரு காலத்துல டச்சுக்காரங்க அவங்க ஊர ஆண்டதால வந்த வார்த்தை. நாம சொல்ற துட்டும் டாய்ட்டுங்கற பழைய டச்சு காசுல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. அன்னைக்கு அப்புறம் இந்த பாஷை அந்நியமாவே தெரியல.

அந்த அக்காதான் 'மக்ஸ் ஹாவலார்' படிக்கச் சொன்னாங்க. 1860-ல வந்த நாவல், எழுதினவர் எடுவர்ட் டவ்வஸ் டெக்கர், இப்ப இந்தோனேசியாவுல இருக்க ஜாவா தீவுல டச்சு அரசாங்க அதிகாரியா இருந்தவர். முல்டாடுலின்னு புனைபெயர், லத்தீன்ல 'நான் நிறைய பட்டவன்'னு அர்த்தம். ஆம்ஸ்டர்டாம் லவ்ரியர் கால்வாய்க் கரையில 37-ஆம் நம்பர் வீட்டுல இருக்க ஒரு காபி தரகர் தன் பெருமைய பேசிக்கிட்டு ஆரம்பிக்கிற கதை, போகப் போக அந்த காபி எங்க இருந்து யார் வயித்துல அடிச்சு வருதுன்னு காட்டுது. டச்சு அரசாங்கம் ஜாவா விவசாயிங்கள கட்டாயப்படுத்தி காபியும் கரும்பும் போட வெச்ச காலம் அது. நடுவுல சாயிஜா, அதிந்தான்னு ரெண்டு கிராமத்துப் பிள்ளைங்க கதை வரும். சாயிஜா அப்பாவோட உழவு எருமைய ஊர் அதிகாரி ஓட்டிட்டுப் போயிடறான், அவர் பரம்பரையா வந்த குறுவாள வித்து இன்னொண்ணு வாங்கறார், அதையும் ஓட்டிட்டுப் போயிடறாங்க, அதுக்கடுத்து வாங்கின எருமை பையன புலிகிட்ட இருந்து காப்பாத்துது, அதையும் விடல, ஓட்டிட்டுப் போயிடறாங்க. நம்ம பக்கம் ஏர் மாட்ட இழந்த குடும்பம் எத்தனைய பார்த்திருக்கோம், அந்த இடத்துல நான் புத்தகத்த மூடி வெச்சுட்டேன், மறுநாள்தான் மிச்சத்த படிக்க முடிஞ்சுது. கடைசியில டச்சு சிப்பாய்ங்களே அந்த ரெண்டு பேரையும் கொன்னுடறாங்க. அத ஒரு டச்சுக்காரரே அப்பவே எழுதியிருக்கார், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். விவசாயிக்கு நியாயமான விலை கிடைச்சுதுன்னு காட்ட 1988-ல இங்க காபி பாக்கெட் மேல போட ஆரம்பிச்ச முத்திரைக்கு இந்த நாவலோட பேரத்தான் வெச்சாங்க.

இன்னும் சொல்ல நிறைய இருக்கு. மார்ச் மாசம் புத்தக வாரம் வரும், குறிப்பிட்ட தொகைக்கு டச்சு புத்தகம் வாங்கினா ஒரு சின்ன நாவல் இலவசம். நான் அந்த நாவல வாங்கின வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை அத காட்டினா ரயில்ல டிக்கெட்டே வேணாம்னு இருந்துச்சு, நாங்க குடும்பத்தோட லெய்டன் போயிட்டு வந்தோம், அங்க வீட்டுச் சுவருங்கள்ல பல மொழியில கவிதை எழுதி வெச்சிருக்காங்க. டிசம்பர் 5, சின்டர்கிளாஸ்ங்கற பரிசு குடுக்கற பண்டிகை அன்னைக்கு பரிசோட எதுகை வெச்ச பாட்டும் எழுதித் தரணும், கவிஞர்னு இல்ல, கணக்காளர், பிளம்பர், எல்லாரும் எழுதுவாங்க.

உங்க பத்திரிகை இங்கிலீஷ் வழியா இல்லாம டச்சுல இருந்து நேரா தமிழுக்கு வர்ற எழுத்துக்கு இடம் குடுக்கணும்னு கேட்டுக்கறேன். சாயிஜா அதிந்தா கதைய நானே மொழிபெயர்க்க ஆரம்பிச்சிருக்கேன், 6 பக்கம் முடிஞ்சுது, அக்கா திருத்திக் குடுக்கறாங்க. முடிச்சதும் அனுப்பட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஐந்தோவன், நெதர்லாந்து