பசளிப் பந்தலும் அடீனியச் சாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வாரவெளியீட்டில் அண்மையில் வந்த வீட்டுத்தோட்டக் குறிப்பொன்றில், உலர் வலயத்து வீடுகளுக்குக் கீரைப் பாத்தியைவிடச் சதைப்பற்றுள்ள அழகுச் செடிகளே ஏற்றவை என்றும், அவற்றுள்ளும் அடீனியம் தண்ணீரும் கேட்காது, ஆளும் கேட்காது என்றும் எழுதப்பட்டிருந்தது. விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், திருக்கோணமலை நகரில் என் வீட்டு முற்றத்தில் கீரையையும் அடீனியத்தையும் ஒருங்கே வைத்திருப்பவன் என்ற முறையிலும், அக்குறிப்பு சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஒப்பிட எடுத்துக்கொள்ளும் கீரை பசளி. தமிழகத்தில் இதைப் பசலை, கொடிப்பசலை என்பார்கள். எங்களுக்கோ பசளி என்றால் கீரை, பசளை என்றால் உரம். வாய் சற்றுத் தவறினால் கடைக்காரர் யூரியா மூட்டையைக் காட்டுவார். லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட பசெல்லா என்ற பெயரே மலபார்க் கரையில் இக்கீரைக்கு வழங்கிய சொல்லிலிருந்து போனதுதான். அடீனியத்தின் பெயர் ஏடன் துறைமுகத்திலிருந்து வந்தது. ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களும் அரேபியாவும் அதன் தாயகம். யேமனில் 1763இல் உயிர்விட்ட போர்ஸ்கோல் என்னும் தாவரவியலாளர் எழுதி வைத்த குறிப்புகள் 1775இல் அச்சேறியபோது, இச்செடிக்கு நேரியம் என்ற பெயரே இடப்பட்டிருந்தது. நேரியம் என்பது நமது அலரி. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்; கீழே அது மறுபடியும் வரும்.

அடீனியம் தண்ணீர் கேட்காது என்பது உண்மைதான், ஆனால் ஆண்டில் பாதிக்கே அது உண்மை. கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் என் பசளிக் கொடி காலை பத்து மணிக்கே தலை தொங்கிவிடும். மாலையில் அரிசி கழுவிய தண்ணீரும் சட்டி அலம்பிய தண்ணீரும் ஊற்றிய பிறகே நிமிரும். அதே வெயிலில் அடீனியம், கிழங்கு போலப் பருத்த அடித்தண்டில் தேக்கிய நீரைக் கொண்டு, தேவையானால் இலையை உதிர்த்துவிட்டுக்கூடப் பூத்து நிற்கும். அந்த மாதங்களில் அதன் பக்கமே நானும் பேசுவேன். ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவத்தில், ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டுகிறது. அப்போது வெளியில் விட்ட அடீனியம் வேரிலிருந்து அழுகத் தொடங்கும். சென்ற மார்கழியில் என்னுடைய ஐந்து சாடிகளில் இரண்டு அவ்வாறு போயின. வெளிப் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடித்தண்டைப் பெருவிரலால் அழுத்தியபோது விரல் உள்ளே இறங்கிற்று, கூடவே புளித்த நாற்றமும் வந்தது. மிஞ்சிய மூன்றையும் விறாந்தைக்குத் தூக்கியது நான்தான். ஆளும் கேட்காது என்று எழுதியவர் ஈர மண் நிறைந்த சாடி ஒன்றைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். அதே வாரத்தில் பசளியோ, யாரும் ஏறெடுத்துப் பாராமலே, பந்தல் கம்பைத் தாண்டி மதிலில் ஏறியிருந்தது.

பசளியின் பயனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 100 கிராம் பச்சை இலையில் ஏறத்தாழ 93 கிராம் நீரே என்றாலும், 100 மில்லிகிராம் அளவில் விற்றமின் சியும் அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கல்சியமும் உண்டு. சமைக்கும்போது விற்றமின் சியில் ஒரு பங்கு குறையும். கல்லாகப் படியக்கூடிய ஒட்சலேற்று என்னும் உப்பு இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவு வைத்துக்கொள்ள வேண்டும். பருப்போடு சேர்த்துக் கடைந்தால் அந்த வழுவழுப்பே கறிக்குப் பதம் கொடுக்கும். எங்கள் வீட்டில் கூனி இறாலும் சேரும். மூன்று கணு உள்ள தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் போதும், விதை தேட வேண்டாம். அழகில் குறைந்தது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சிவப்புத் தண்டும், தடித்த பச்சை இலையும், கருநீலக் காயும் சேர்ந்த கொடியை வாசலில் ஏற்றினால், அது எந்தச் சாடிக்கும் பின்வாங்காது.

அடீனியத்துக்கு ஆதரவாக எங்கள் ஊரில் ஒரு வலுவான காரணம் உண்டு. குறிப்பை எழுதியவர் அதைச் சொல்லியிருக்கலாம். பிரெடரிக் கோட்டையிலும் அதைச் சூழ்ந்த நகரப் பகுதியிலும் திரியும் புள்ளிமான்கள் படலை திறந்திருந்தால் உள்ளே வந்துவிடும். ஒருநாள் விடியற்காலை, என் பந்தலில் கழுத்து எட்டிய உயரம் வரை பசளி இலை ஒன்றுகூட இல்லை. தண்டுகள் மட்டும் கத்தரித்தது போல நின்றன. இரண்டடி தள்ளியிருந்த அடீனியங்களில் ஓர் இலைகூடக் குறையவில்லை. மான் தொடாத செடி என்று அதை வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மான் ஏன் தொடவில்லை என்று அன்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஆறு வயதான என் பேத்தியும் பக்கத்து வளவுப் பையனும் சிரட்டையில் சோறு கறி ஆக்கி விளையாடினார்கள். பசளி இலையையும் அடீனிய இலையையும் சேர்த்து நறுக்கி, பசளிக் காயைப் பிழிந்து நிறம் ஊட்டியிருந்தார்கள். ஒரு சாடியின் அடித்தண்டைக் கிழங்கென்று எண்ணிக் கரண்டியால் சுரண்டியும் இருந்தார்கள். "அம்மப்பா, கறி முடிஞ்சுது, சாப்பிடுங்கோ" என்று சிரட்டையை நீட்டிய பிள்ளையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுத்திருந்தன. இரண்டு பிள்ளைகளின் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாயைத் திறந்து பார்த்து, மாலை வரை அருகிலேயே இருத்தி வைத்தோம். தெய்வாதீனமாக எவரும் வாயில் வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகே நான் நூல்களை எடுத்துப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நெல்லும் மிளகாயும் வெங்காயமும் தெரிந்த எனக்கு இச்செடியைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அலரியின் குடும்பத்தைச் சேர்ந்த அடீனியத்தின் சாறில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. ஆபிரிக்காவில் வேட்டைக்காரர் அம்பு முனையில் பூசும் நஞ்சை இதன் சாற்றைக் கொண்டு செய்திருக்கிறார்கள். அன்று நான் அவ்வளவு பதற்றப்பட்டது மிகையல்ல.

செடியை வாங்கிய இடத்தில், பிள்ளைகள் புழங்கும் வீடு, இது ஏதும் செய்யுமா என்று நான் கேட்டதுண்டு. சும்மா அழகுக்கு வைக்கிறதுதானே ஐயா, என்ன செய்யப்போகிறது என்ற பதிலே கிடைத்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் எவரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நஞ்சென்றால் அலரியும் நஞ்சுதானே, அதை வீட்டு வேலியில் வைத்துப் பூப்பறித்துச் சுவாமிக்குச் சாத்துகிறோமே என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அலரியோடு அதைப் பற்றிய எச்சரிக்கையும் எங்களிடம் தலைமுறையாக வந்திருக்கிறது. அலரிக் காயைத் தொட்ட பிள்ளையின் கையைத் தட்டிவிடாத பாட்டி இப்பகுதியில் இல்லை. அடுக்களைக் கதவோரம் அதை நட்டவரும் இல்லை. அடீனியத்தையோ செடியாக மட்டும் வாங்கி வந்தோம், எச்சரிக்கை அதனோடு வரவில்லை. பெயரிலும் தோற்றத்திலும் அது அலரியை நினைவூட்டாததால், எந்தப் பாட்டிக்கும் கையைத் தட்டிவிடத் தோன்றாது. பசளிக்கு நேர்ந்திருப்பது இதற்கு மறுதலை. அதைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் வீட்டில் இருந்தது. இன்று கொடியும் போகிறது, கூடவே அந்த அறிவும் போகிறது. என் பேத்தியின் வகுப்புத் தோழிகளுள் பசளி இலையைக் காட்டினால் பெயர் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தேன். எண்ண ஒரு கை தேவைப்படவில்லை.

2022 ஆனி மாதத்தில் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யும்படி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்போது எழுந்த பந்தல்களுக்கு நானே போய்த் தண்டு கொடுத்தேன். இன்று அவற்றில் பெரும்பாலானவற்றின் கம்பிகளில் கொடி இல்லை. அடியில் வரிசையாகச் சாடிகள் நிற்கின்றன. விலை குறைந்து கீரை சந்தையில் கிடைக்கும்போது அவரவர் விருப்பம் மாறுவது இயல்பே. பந்தல் நின்ற இடம் கிணற்றடி, அதாவது அடுக்களைப் பக்கம். கறிக்கு இலை கிள்ளிப் பழகிய இடத்தில் இப்போது நஞ்சுச் செடி நிற்கிறது என்பதே என் கவலை.

ஆகவே அழகுச் செடி விற்போர் அடீனியச் சாடிகளில் நஞ்சு என்ற சொல்லைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும் என்றும், தங்கள் வாரவெளியீடு அதே தோட்டப் பகுதியில் அடீனியத்தின் பூவையும் இலையையும் பருத்த அடித்தண்டையும் தெளிவான படங்களாக இட்டு இச்செய்தியை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சாடிகளை முன்வாசலில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றலாம். கிளை நறுக்கும்போது கையுறை அணியலாம், மீன் வெட்டும் கத்தியை அதற்கு எடுக்காதிருக்கலாம். என்னுடைய மூன்று சாடிகளும் இப்போது மதிலின் மேல் இருக்கின்றன. புரட்டாதி முடிவதற்குள் பசளித் தண்டு ஊன்றிவிட்டால் முதல் மழைக்கு வேர் பிடித்துக்கொள்ளும்; என் பந்தலில் தண்டு முற்றி நிற்கிறது, படலையையும் இம்முறை சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
திருக்கோணமலை.