கரண்ட் போன பிறகும் குழாயில் தண்ணீர் வர: வேதாரண்யம் மக்களுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

வேதாரண்யம் நகராட்சிப் பகுதிப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது நம் ஊரை ஒட்டித்தான். எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. பல மாவட்டங்களில் 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் தப்பிய உயிர்கள் ஏராளம். நாம் திண்டாடியது காற்று ஓய்ந்த பிறகு. புயல் போன வழியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. கிணற்றில் இறைத்தால் பல தெருக்களில் உப்புக் கரிக்கும். வாடகை ஜெனரேட்டருக்கு அலைந்ததையும், காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் போட்டதையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே இந்த முறை நாங்கள் கேட்பது நிவாரண நிதி அல்ல. புயலடித்த பிறகு அரிசியும் போர்வையும் லாரி லாரியாக வரும், வந்தது. அந்த லாரி ஊருக்குள் நுழையும்வரை, முதல் இரண்டு மூன்று நாளைச் சமாளிக்கத்தான் நம் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

முதல் செலவு, சக்கரம் வைத்த டீசல் ஜெனரேட்டர் ஒன்று. தொட்டிக்குத் தொட்டி இழுத்துப்போய் மோட்டாரை ஓட்டலாம். அதோடு ஒவ்வொரு மோட்டார் அறையிலும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றுசேராமல் மாற்றிவிடும் சுவிட்ச்) பொருத்தியாக வேண்டும். இது வீண் செலவு என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். அந்த சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்தால் மின்சாரம் திரும்பி லைனுக்குள் ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரே போகலாம். எனவே இதில் பேரமே இல்லை. தொட்டிகள் நகராட்சியுடையவை, அதனால் முறைப்படி மனு கொடுத்திருக்கிறோம். அனுமதி வந்த பிறகே இணைப்பு.

அப்புறம் மரம் அறுக்கும் மெஷின் இரண்டு, அதைப் பிடிப்பவர்களுக்கு ஹெல்மெட், கையுறை, நல்ல கயிறு, தார்ப்பாய், மெகாபோன். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழைக்கலாம் என்பது சரிதான். செல்போன் டவரும் செத்துப்போனால் தெருவில் கத்திச் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சுமார் 5 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். நம் உப்புக் காற்றுக்கு எந்த மெஷினும் சும்மா வைத்தால் துருப்பிடித்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் டீசலுக்கும் பராமரிப்புக்கும் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குவோம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவை ஒவ்வொரு மாதமும் வார்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். உப்பளத்திலும் கடலிலும் வேலை குறைந்த நேரத்தில் யாரையும் வற்புறுத்தும் எண்ணம் இல்லை. பணம் தர முடியாதவர்கள் ஆளாக வரலாம்: எலக்ட்ரீஷியன், மரம் வெட்டத் தெரிந்தவர், நர்ஸ், டிராக்டர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பர் முடிவதற்குள் ஜெனரேட்டருக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும். வீடு தேடி வரும் எங்கள் உறுப்பினரிடம் ரசீது வாங்கிக்கொண்டு மட்டும் பணம் கொடுங்கள்.