முன்னுரை எழுதப்போவதில்லை, அண்ணே

அன்புள்ள அண்ணே,

உங்கள் நாத்திகக் கவிதைத் தொகுப்புக்கு நான் முன்னுரை எழுதப்போவதில்லை. ஏன் என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள், அதனால் பதிலும் எல்லோர் முன்னாலும்தான்.

ஜெஜூரி என்ற மகாராஷ்டிரக் கோயில் ஊரைப் பற்றி அருண் கோலட்கர் எழுதிய ‘ஜெஜூரி’ கவிதைத் தொகுப்பிலிருந்து ‘மகரந்த்’ கவிதையை எடுத்திருக்கிறீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பூசை செய்ய மாட்டேன், தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு நீ போ, நான் முற்றத்தில் புகைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவன் சொல்லும் கவிதை. நல்ல தேர்வு. ஆனால் 1976இல் வந்த அதே புத்தகத்தில், ஐம்பது பைசாவுக்காகச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் கிழவியை ஏன் விட்டீர்கள்? அவள் கண்ணைச் சுற்றித் தொடங்கும் விரிசலில் மலை பிளக்கிறது, கோயில் பிளக்கிறது, வானம் விழுகிறது, கடைசியில் பார்த்தவன்தான் அவள் கையில் சில்லறையாகிறான். கடவுள் உண்டு என்று அதில் ஒரு வரி இல்லை, இல்லை என்றும் ஒரு வரி இல்லை. மராத்தி பக்திக் கவி துக்காராமை மொழிபெயர்த்ததும் இதே கோலட்கர்தான். பாரதியிடமும் அதையே செய்திருக்கிறீர்கள். ‘ஆயிரம் தெய்வங்கள் உண்டென்று தேடி அலையும் அறிவிலிகாள்’ இருக்கிறது, அதே பாட்டில் அறிவையே தெய்வம் என்று அவர் சொல்லும் இடம் இல்லை. கத்தரி வைத்துப் பாரதியை நம் கட்சிக்காரராக்க வேண்டுமா அண்ணே?

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். அதை முழுதாகச் சொல்ல மாட்டேன், பாதி உங்களுடையது, பாதி அம்மாவுடையது. அம்மா பாசுரம் கேட்கிறார்கள், கையில் புத்தகம் இல்லை, வாசி என்று போனில் சொன்னீர்கள். நான் நம்மாழ்வாரின் ‘உயர்வற உயர்நலம்’ தொடங்கினேன், நீங்கள் வரிவரியாக அம்மாவிடம் திருப்பிச் சொன்னீர்கள். உங்கள் குரலில் நம்மாழ்வார் எப்படி ஒலித்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. ஒன்பதாம் பாட்டுக்கு வந்தோம். ‘உளன் எனில் உளன்’ என்றேன், சொன்னீர்கள். ‘உளன் அலன் எனில்’ என்றேன். நீங்கள் சொல்லவில்லை. வெகுநேரம் போனில் உங்கள் மூச்சு மட்டும்தான் கேட்டது. இருக்கிறான் என்றால் இந்த உருவங்கள் அவன், இல்லை என்றால் இந்த அருவங்கள் அவன் என்று ஆழ்வாரே இரண்டுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிற பாட்டில் போய் நின்றுவிட்டீர்கள்.

இதை இங்கே எழுதியதற்கு மன்னியுங்கள். எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் அம்மா போன சில வாரங்களிலேயே கூட்டத்தில் என்னைப் ‘பஜனை கோஷ்டி’ என்றீர்களே, எல்லோரும் சிரித்தார்களே, அப்போது உங்களுக்கு அந்த போன் நினைவில்லையா? என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. அந்த ராத்திரி அம்மாவுக்குச் சொன்ன உங்களையும் சேர்த்துத்தானே கேலி செய்தீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம்மாழ்வாரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருப்பதை எனக்குப் படிக்கக் கொடுத்ததே நீங்கள்தான். அந்த அப்பாவிடம் வானியலும் இருந்தது, சோதிடமும் இருந்தது. காலையில் குளித்துவிட்டு கீதை, அப்புறம் அதே ஈடுபாட்டோடு மதத்தை விமர்சித்த ரஸ்ஸல், இங்கர்சால் பற்றிப் பேச்சு. இது எப்படி என்று மகன் கேட்டபோது, மூளைக்கு இரண்டு பாகம் உண்டு தெரியாதா என்றாராம். மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. அந்த உறுத்தலோடுதான் அவர் ஆழ்வாரிடமும் போனார், சிவனைப் பாடிய ‘வசனம்’ என்ற கன்னடப் பாடல்களிடமும் போனார் என்று நான் நம்புகிறேன். நம் நவீன கவிதையில் எனக்குப் பிடித்ததெல்லாம் இந்த உறுத்தலிலிருந்து வந்தவைதான். நீங்கள் அதைத் துடைத்துவிட்டுத் தொகுக்கிறீர்கள்.

நான் கோயிலுக்குப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். பாசுரம் வாசித்தால் அந்தப் பக்கம் போய்விட்டேன் என்று நீங்கள் முடிவு கட்டினால் நான் என்ன செய்ய?

முன்னுரைக்கு வேறு யாரையாவது கேளுங்கள், அச்சுக்குப் போக இன்னும் நேரமிருக்கிறது. யார் எழுதினாலும் கிழவியைச் சேர்த்துவிடுங்கள். மகரந்துக்கு அடுத்த பக்கத்திலேயே.