சாயத் தொட்டிக்கு ஏற்ற கரி கேட்டு மீண்டும் ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: கைத்தறி நூலுக்குச் சாயம் போடுவோர், பட்டறை வீதி
பொருள்: பொதுச் சுத்திகரிப்புத் தொட்டியின் கரியை மாற்றித் தருதல் தொடர்பாக
பார்வை: குறைதீர் கூட்டங்களில் முன்பு கொடுத்த எங்கள் மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளத்தோரம் உள்ள எங்கள் பொதுத் தொட்டியைத் தாங்கள் அறிவீர்கள். நிறத்தை உறிஞ்சப் போட்ட கரியில் வடிந்த பிறகும் தண்ணீர் சிவப்பாகவே வெளியேறிக் கீழத்தெருக் கிணறுகளில் இறங்குகிறது. கீழத்தெருவில் வெள்ளை வேட்டியை அலசினால் ரோஸ் ஏறுகிறது. சோறு வடித்தால் கஞ்சியிலும் அதே நிறம். கருணை கூர்ந்து கரியை மாற்றித் தர வேண்டுகிறோம்.

1. இப்போது போட்டிருப்பது நீராவியில் பதப்படுத்திய கொட்டாங்குச்சிக் கரி. கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சும் என்று காட்டும் அயோடின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியது. அதன் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு. சின்ன மூலக்கூறான அயோடின் உள்ளே போய்விடும், நாங்கள் நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பெரிய மூலக்கூறு, அது போகாது. கரியில் குறையில்லை, இந்த வேலைக்கு அது ஆகாது.

2. சாய நீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் காரம்) 10, 11 இருக்கும். அந்த நிலையில் கரியின் மேற்பரப்பும் மைனஸ் மின்னேற்றம், சாயமும் மைனஸ் மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும், எப்படி ஒட்டும்? முதலில் அமிலம் விட்டு பி.எச். 6 அளவுக்கு இறக்கல், பிறகு படிகாரம், மணல் வடிகட்டி, அதன்பிறகே கரி. அமிலம் விடும் பம்ப் பழுதாகிக் கிடக்கிறது. மணல் வடிகட்டியோ இல்லவே இல்லை. நூல் பிசிறு கரி மேல் ஆடை கட்டி, தண்ணீர் ஓரமாக வழி கண்டு ஓடிவிடுகிறது. இதை எத்தனை மனுவில்தான் எழுதுவது ஐயா?

3. கடலைத் தோலில் நாங்களே கரி செய்கிறோம் என்றோம், சூளைக்கு அனுமதி வரவில்லை. காய்ந்த தோலை இடித்து, எடைக்கு எடை பாஸ்பாரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, மூடிய கலத்தில் 450 முதல் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். மூடியில் காற்று புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். கழுவிய நீரில் நீல லிட்மஸ் தாள் சிவக்காமல் போகும் வரை, அதாவது அமிலம் போகும் வரை கழுவ வேண்டும், கழுவிய நீரைச் சுண்ணாம்பில் சமன் செய்ய வேண்டும். இதில் சாயம் நுழையுமளவு பெரிய துளைகள் விழும். சாய நீரிலுள்ள உப்பைக் கரி எடுக்காது என்பதும் தெரியும். அதை இங்கே கேட்கவில்லை.

4. எந்தக் கரி வாங்கினாலும் எங்கள் தொட்டி நீரிலேயே சோதித்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரித்தூள், ஒரு மணி நேரம் கலக்கி, வடிகட்டி, வெள்ளைத் தட்டில் ஊற்றினால் தெரிந்துவிடும். இதற்கா இவ்வளவு தாமதம்?

5. நிறம் ஏறிய பழைய கரியைப் பள்ளத்திலேயே கொட்டுகிறார்கள். மழை பெய்தால் அதுவும் கிணற்றுக்குத்தான். அள்ளச் சொல்லுங்கள்!

கரியை மாற்றுங்கள் ஐயா, பம்பைச் சரிசெய்யுங்கள், சூளைக்கு அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை வீதி சாயத் தொழிலாளர்கள்

இணைப்பு: தொட்டியின் வெளிநீர், ஒரு பாட்டில்