அலைவது வேறு, இழுப்பது வேறு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

கார் நேரே ஓடுதில்லை என்றாய். அது அலையுதா, இழுக்குதா? ஸ்டியரிங்கை நேரே பிடித்திருந்தும் இடமும் வலமும் தன்பாட்டில் ஓடி, நீ விடாமல் திருத்திக்கொண்டே வரவேண்டியிருந்தால் அது அலைவது. ஒரே பக்கமாகவே ஒதுங்கினால் இழுப்பது. இது தெரியாமல், சில்லுகளின் கோணத்தைச் சரிக்கட்டும் எலைன்மென்ட்டுக்குக் காரை விட்டால் காசுதான் போகும்.

திருகோணமலையிலிருந்து வரும்போது வாகரைப் பக்கம் வெளியான நேர் ரோட்டில், வாகனம் இல்லாத நேரம் பார்த்து, 60இல் ஓடிக் கையை மெல்லமாக வைத்துப் பார். விடியற்காலைதான் நல்லது. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில் அதுவே காரைக் கடற்பக்கம் தள்ளும், குறை சில்லிலா காற்றிலா என்று தெரியாது. மழைத்தண்ணி வழிய ரோட்டை ஓரத்துக்குச் சரித்துப் போட்டிருப்பதால், கார் மெல்ல இடப்பக்கம் சாய்வதும் குறையில்லை.

இழுத்தால் முதலில் டயரைப் பார். காற்று எவ்வளவு என்பது சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயர் சூடேற முதல், காலையில் அளக்கவேணும். பிறகு முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓடு (ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் மாற்றாதே). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால், கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தி றிமுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோ. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்குது. இதெல்லாம் சரியென்றால்தான் கேம்பர், காஸ்டர். முன்னாலிருந்து பார்க்கச் சில்லின் மேற்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாய்வது கேம்பர், பக்கத்திலிருந்து பார்க்கச் சில்லு திரும்பும் அச்சு பின்னால் சாய்வது காஸ்டர். கேம்பர் கூடுதலாக வெளியே சாய்ந்த பக்கத்துக்கும், காஸ்டர் குறைந்த பக்கத்துக்கும் கார் இழுக்கும். உன்னுடையதைப் போன்ற சின்னக் கார்களில் காஸ்டரைத் திருப்பிச் சரிக்கட்ட ஒன்றும் இல்லை. இடமும் வலமும் அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் சில்லைக் கீழே தாங்கும் கீழ் ஆர்ம் வளைந்திருக்கும், இல்லாவிட்டால் அதன் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும். குழியில் விழுந்த காரில் இதைத்தான் தேடவேணும்.

அலைந்தால் முதலில் ஆட்டம் பார். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்து, சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டு. கட கட என்றால் டை ரொட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சில்லைத் திருப்பும் கம்பியின் முனை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் கீழ் ஆர்மின் நுனியில் இருக்கும் போல் ஜொயின்ட் அல்லது சில்லின் பெயரிங். ஆட்டம் இருக்கும் காருக்கு எலைன்மென்ட் செய்வது ஆடுகிற கதிரையில் இருந்து கையெழுத்துப் போடுவது போல.

ஆட்டம் இல்லையென்றால் 'டோ'. மேலிருந்து பார்க்க இரண்டு சில்லும் முன்னால் உள்வாங்கியிருந்தால் டோ இன், விரிந்திருந்தால் டோ அவுட். டோ அவுட்டில் ஸ்டியரிங் மயிரளவு அசைந்தாலும் கார் அந்தப் பக்கம் பாயும், அலைவது அதனால்தான். அதற்காக டோ இன்னைக் கூட்டி வைக்கவும் கூடாது, டயரின் வெளி ஓரம் தேய்ந்துபோகும். உன் காரில் என்ஜின் சுழற்றுவது முன்சில்லுகளை. ஓடும்போது சில்லுகள் தாமாகவே கொஞ்சம் உள்வாங்கும். ஆகவே றிமில் அளந்தால் இரண்டும் சேர்த்து 0 முதல் 2 மில்லிமீற்றருக்குள் போதும். சரியான கணக்கு காரின் மனுவலில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவினாலே பாதி தெரியும். வெளியிலிருந்து உள்ளே தடவ வழுவழுப்பு, உள்ளிருந்து வெளியே தடவ அரம் மாதிரி என்றால் டோ இன் அளவுக்கு மிஞ்சியிருக்குது. மறுபுறமாக என்றால் டோ அவுட்.

திருத்தும்போது நீ பக்கத்தில் நின்று பார். ஸ்டியரிங்கை நேரே வைத்துப் பூட்டி, டை ரொட்டின் லொக் நட்டைத் தளர்த்தி, அதை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் கிளிப்பையும் கழற்றிவிட்டுத்தான் டை ரொட்டைத் திருப்பவேணும். கிளிப்பை மறந்தால் பூட் முறுகிக் கிழியும், தண்ணி போய் உள்ளேயிருக்கும் ஸ்டியரிங் ரக் துருப்பிடிக்கும். கால் சுற்றுக்கு அந்தச் சில்லின் டோ ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மாறும். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பாவிட்டால் கார் நேரே ஓடும், ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். ஜக்கில் தூக்கி இறக்கிய காரைச் சில அடி உருட்டிவிட்டு அளக்கவேணும், இல்லாவிட்டால் சில்லு தன் இடத்துக்கு வராமல் நின்று பொய்க்கணக்குக் காட்டும்.

முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்றால் ஒத்துக்கொள்ளாதே. பின்சில்லு ஒரு பக்கம் திரும்பியிருந்தால், கார் வாவி நண்டு போலச் சரிந்து ஓடும். உன் காரின் பின் அச்சு ஒரே துண்டு, அதைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாது. ஆனாலும் அளந்து, முன்சில்லை அதன் போக்குக்கு ஒத்துவைக்கலாம்.

திருத்த முதலும் திருத்திய பிறகும் எலைன்மென்ட் மெஷின் அச்சிடும் தாள் இரண்டையும் கேட்டு வாங்கு. பொங்கலுக்கு வரும்போது அவற்றைக் கொண்டுவா, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா