சம்பந்தியின் அறுபதுக்கு ஒரு 1964

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய ஏலப் பட்டியலைப் படித்துவிட்டேன். சம்பந்திக்கு அறுபது நிறைகிறது, அவர் பிறந்த 1964-ஆம் வருடத்து ஒயினையே கொடுக்கலாம் என்று நீங்கள் நினைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. மாப்பிள்ளை வேகா சிசிலியா என்ற ஸ்பானிய ஒயின்தான் வேண்டும் என்கிறாராமே. பெரிய பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது துவேரோ ஆற்றங்கரைச் சரக்கு. சம்பந்தி ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் இருக்கும் லொக்ரோஞ்ஞோக்காரர். ரியோஹாவில் பிறந்தவருக்கு, அதுவும் 64-இல் பிறந்தவருக்கு, ரியோஹா ஒயினைக் கொடுப்பதுதான் அழகு. அங்கே பழைய ஆட்கள் இன்னும் பேசும் வருடம் அது. விலையும் வேகா சிசிலியாவுக்குப் போகிற அளவுக்குப் போகாது.

பட்டியலில் இருக்கும் வீன்யா தொந்தோனியாவைப் பார். 1877-இல் ஆரோ ஊரில் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா குடும்பத்துடையது. ஓக் பீப்பாய்களைக்கூட இன்றைக்கும் அவர்களே செய்துகொள்கிறார்கள். கிரான் ரெசெர்வா (நெடுங்காலம் பதப்படுத்திய ஒயினுக்கான தரப்பெயர்) என்றால் பீப்பாயில் குறைந்தது 2 வருடம் இருந்தால் போதும் என்கிறது இன்றைய சட்டம். இவர்கள் அதைப்போலப் பல மடங்கு காலம் வைத்திருந்துதான் புட்டியில் அடைப்பார்கள். அறுபது வயதிலும் ஒயின் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், அதன் நல்ல புளிப்பு இன்னொரு காரணம்.

ஆனால் பெயரும் வருடமும் பாதிதான் பாப்பா. புட்டி இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்பதுதான் மீதி. ஹோட்டல் நிலவறையில் வேலை பார்த்தபோது ஒரே பெட்டியில் வந்த புட்டிகளில் ஒன்று தேனாகவும் இன்னொன்று காடியாகவும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். அதனால் ஏலக் கம்பெனிக்கு எழுதி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் கேள். இலவசமாகவே தருவார்கள்.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது புட்டியில் ஒயின் நிற்கும் மட்டம். தக்கை வழியாக ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். இந்த வயதில் ஒயின் கழுத்தின் அடிவரை நின்றால் பிரமாதம். தோளின் (கழுத்துக்குக் கீழே புட்டி அகலும் வளைவு) மேல்பகுதியில் நின்றால் அது வயதுக்கேற்ற இறக்கம், தைரியமாக ஏலம் கேட்கலாம். தோளின் பாதிக்கு இறங்கிவிட்டால் சூதாட்டம். அதற்கும் கீழே என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பர்கண்டி வடிவப் புட்டிகள் கழுத்திலிருந்து சரிந்தே இறங்கும், அவற்றுக்குத் தோள் கிடையாது. அவற்றுக்குத் தக்கையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். அப்புறம் தக்கை மேலெழும்பியிருக்கிறதா, மூடிக்குக் கீழே ஒயின் கசிந்த கறை இருக்கிறதா என்று பார். லேபிள் அழுக்காகவோ ஈரத்தில் கிழிந்தோ இருந்தால் பயப்படாதே, ஈரமான நிலவறை ஒயினுக்கு நல்லதுதான். அறுபது வருட லேபிள் நேற்று ஒட்டியது போலப் பளபளத்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ரூடி குர்னியவான் என்ற போலி ஒயின்காரன் கலிபோர்னியாவில் வீட்டிலேயே லேபிளும் தக்கையும் வைத்துக்கொண்டு பெரும் பணக்காரர்களையே ஏமாற்றினான். 2013-இல்தான் நியூயார்க் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. அவன் கைவைத்தது பெரும்பாலும் பிரெஞ்சு ஒயின்களில். ரியோஹாவில் அவ்வளவு காசு இல்லை என்பது நமக்கு ஒரு நிம்மதி.

சரி, பணம். சுத்தியல் தட்டும் விலை நீ கொடுக்கப்போகும் விலை அல்ல. 400 பவுண்டுக்குத் தட்டினால், கம்பெனியின் பங்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள், அது 100. அந்த நூறுக்கு வாட் வரி 20. ஆக 520, அனுப்பும் செலவு தனி. கம்பெனிக்குக் கம்பெனி சதவீதம் மாறும், விதிமுறையைப் படி. ‘இன் பாண்ட்’ (வரி இன்னும் கட்டாமல் கிடங்கில் இருப்பது) என்று குறித்த லாட்டாக இருந்தால் தீர்வையும், தட்டிய விலைக்கு வாட்டும் சேரும். எல்லாம் சேர்த்து எவ்வளவு தரலாம் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடு. நேரலை ஏலத்தில் உட்காராதே. உன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு இருக்கிறது, எதிரே ஒருத்தர் கேட்டால் நீ விடமாட்டாய்.

கிடைத்துவிட்டால், பிறந்தநாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஸ்பெயினுக்கு எடுத்துப் போங்கள். ஆளுக்கு 4 லிட்டர் ஒயின் வரை சுங்கத்தில் கேள்வி இல்லை. கைப்பையில் எல்லா விமான நிலையத்திலும் விடமாட்டார்கள், பெட்டிக்குள் வைப்பதே நல்லது, சுற்றிலும் துணி அடைத்து. பயணத்தில் கலங்கிய வண்டல் அடங்க நாளாகும். திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வை. சாதாரணத் திருகாணி பழைய தக்கையை நொறுக்கிவிடும். இரண்டு மெல்லிய தகடுகளை ஓரத்தில் இறக்கி இழுக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். திறந்ததும் மெதுவாக ஊற்றிக் குடித்துவிட வேண்டும், மணிக்கணக்கில் காற்றில் விட்டால் வாசனை போய்விடும்.

படங்கள் வந்ததும் முதலில் எனக்கு அனுப்பு. மட்டத்தைப் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா